கேம் கண்ட்ரோலரிலிருந்து ஆர்கேட் ஸ்டிக்: உப்புக்காற்று ஊருக்கேற்ற முழுமையான வழிகாட்டி

கேப்காம் நிறுவனம் 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டில் மூன்று குத்துக்கும் மூன்று உதைக்குமாக ஆறு பட்டன்கள் உண்டு. அவற்றை அழுத்த ஒரு கை முழுவதும் விரிந்திருக்க வேண்டும், மற்றொரு கை லீவரைப் பிடித்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அந்த விளையாட்டே அமைக்கப்பட்டது. நம் பக்கத்தில் எல்லாரும் ‘முஸ்தபா கேம்’ என்றே சொல்லிப் பழகிய கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸும் 1993-இல் அதே நிறுவனம் காசு போட்டு ஆடும் பெட்டிக்காக உருவாக்கியதுதான். நாகர்கோவிலில் பள்ளி விட்டு வரும் வழியில் நின்றுகொண்டு ஆடியபோது மணிக்கட்டில் ஏறிய பழக்கம், பிற்காலத்தில் கண்ட்ரோலரின் சிறிய திசைப்பொத்தானைக் கட்டைவிரலால் தேய்த்தபோது எனக்குக் கைகொடுக்கவே இல்லை. அதனால்தான் லீவரும் பட்டன்களும் பதித்து வீட்டிலேயே ஆட உதவும் ஆர்கேட் ஸ்டிக் பெட்டி கட்டத் தொடங்கினேன். இதுவரை மூன்று கட்டியிருக்கிறேன். முதல் இரண்டில் செய்த தவறுகளிலிருந்து கற்றவையே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி.

பெட்டிக்குள் வைக்க ஒரு கண்ட்ரோலரை ஏன் உடைக்க வேண்டும், தனிப் போர்டு (மின்சுற்றுப் பலகை) வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கணினியில் மட்டும் ஆடுபவர்களுக்கு அது சரியான யோசனை. ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சிறிய போர்டில் ஜி.பி.2040-சி.இ. என்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றினால் கணினி அதைக் கண்ட்ரோலராகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் எக்ஸ்பாக்ஸ் 360 போன்ற கன்சோல்கள், செருகப்பட்ட கண்ட்ரோலர் தங்களுக்கென அங்கீகரிக்கப்பட்டதுதானா என்று சோதித்த பிறகே அதை ஏற்கும். அந்தச் சோதனைக்குப் பதில் சொல்லும் சில்லு அசல் கண்ட்ரோலரின் போர்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அந்தப் போர்டை அப்படியே வைத்துக்கொண்டு, ரப்பர் பொத்தான்கள் செய்த வேலையை ஆர்கேட் பட்டன்களிடம் ஒப்படைப்பதே நாம் செய்யப்போவது.

எந்தக் கண்ட்ரோலரை எடுப்பது

கம்பி இணைப்புள்ள கண்ட்ரோலரையே எடுங்கள். வயர்லெஸ் என்றால் பேட்டரிக்கும் இடம் ஒதுக்க வேண்டும், சார்ஜ் தீர்கிறதா என்றும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் மூன்றாவது பெட்டிக்கு எடுத்தது கம்பியுள்ள எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலர். அது அந்தக் கன்சோலிலும் விண்டோஸ் கணினியிலும் வேறெந்தச் சாதனமும் இல்லாமல் வேலை செய்யும். பழைய பிளேஸ்டேஷனின் அனலாக் குச்சி இல்லாத முதல் கண்ட்ரோலர் கையில் இருந்தால் அது இன்னும் எளிது. பிளேஸ்டேஷன் 2-இன் கண்ட்ரோலரை மட்டும் முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம். அதன் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவையும் அளக்கக்கூடியவை என்பதாலும், தொடுபுள்ளிகள் மெல்லிய படலத்தின் மேல் அச்சிடப்பட்டிருப்பதாலும், ஈயம் வைக்கச் சரியான இடம் கிடைக்காது.

வாங்கியவுடன் பிரிக்காதீர்கள். கணினியில் செருகி, விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘joy.cpl’ என்று தட்டினால் வரும் சாளரத்தில் எல்லாப் பொத்தான்களும் ஒளிர்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திசைப்பொத்தான் செத்த கண்ட்ரோலராக இருந்தால், ரப்பர் தேய்ந்திருக்கிறதா போர்டே போய்விட்டதா என்று தெரியும்வரை அதை நம்பி ஒரு பலகையையும் அறுக்க வேண்டாம்.

லீவரும் பட்டன்களும்

ஜப்பானின் சான்வா நிறுவனத்தின் ஜே.எல்.எஃப். லீவர் பலரும் பயன்படுத்துவது. 35 மி.மீ. பந்தும், அடியில் நான்கு மைக்ரோசுவிட்சுகளும், ஐந்து கம்பிகள் கொண்ட ஓர் இணைப்பும் அதில் இருக்கும். லீவர் எவ்வளவு தூரம் சாயலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் அடிச்சட்டம் சதுரமாகவே வரும். எட்டு மூலைச் சட்டம் தனியாகக் கிடைத்தாலும் சதுரத்தையே பழகிக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. மூலைவிட்டத் திசைகளை மூலை வரை கொண்டுபோய் நிறுத்தலாம் என்பதால் கை வழி தவறுவதில்லை.

விளையாடும் பட்டன்கள் 30 மி.மீ., ஸ்டார்ட் போன்ற துணைப் பட்டன்கள் 24 மி.மீ. என்பது வழக்கமான அளவு. உள்ளே தள்ளினால் கொக்கி பிடித்துக்கொள்ளும் வகை, நட்டு போட்டு முறுக்கும் வகை என இரண்டு உண்டு. கொக்கி வகை மெல்லிய உலோகத் தகட்டுக்கானது. மரப்பலகைக்கு நட்டு வகையே வேண்டும். விலை மலிவான நகல் பட்டன்களை வாங்குவதானால் அவற்றில் கம்பி இணைக்கும் உலோக நாக்கின் அகலத்தை அளந்து பாருங்கள். சான்வா பட்டனில் அது 2.8 மி.மீ.; வேறு பலவற்றில் 4.8 மி.மீ. வாகன மின்பணிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் லக் (நாக்கில் செருகும் உலோகக் கம்பிமுனை) 6.3 மி.மீ. அகலத்தில் இருப்பதால் இரண்டிலுமே ஆடிக்கொண்டிருக்கும்.

பெட்டியும் மரமும்

குமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என இரண்டும் நனைக்கும் ஊர் இது. குளச்சல், முட்டம் பக்கம் வீடு இருந்தால் மழை இல்லாத நாளிலும் உப்புக்காற்று வீட்டுக்குள் வந்துபோகும். என் முதல் பெட்டியை விலை குறைவு என்பதற்காக, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் செய்தேன். ஓர் ஐப்பசி முடிவதற்குள் அடிப்பலகையின் ஓரங்கள் ஊறிய முறுக்குபோல உப்பி, திருகாணிகள் பிடிப்பற்றுச் சுழலத் தொடங்கிவிட்டன.

பக்கச்சட்டங்களுக்கு அயனி மரத்தைப் பரிந்துரைக்கிறேன். வள்ளத்துக்கும் கதவு நிலைக்கும் பயன்படும் மரம் என்பதால் ஈரத்தைத் தாங்கும். வீட்டு வேலை நடக்கும் இடத்தில் மிஞ்சிய துண்டுகளே ஒரு பெட்டிக்குப் போதும். ரப்பர் மரம் இங்கே எளிதில் கிடைக்கும், இழைத்தால் பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் வெட்டியபின் மருந்தேற்றிப் பதப்படுத்திய பலகையா என்று கேட்டு வாங்க வேண்டும். பதப்படுத்தாத ரப்பர் பலகையில் மாவுச்சத்து மிகுதி, அதைத் தேடிப் பூஞ்சையும் வண்டும் விரைவில் வரும்.

என் பெட்டியின் வெளியளவு 40 செ.மீ. நீளம், 26 செ.மீ. அகலம், உள் உயரம் 6 செ.மீ. மடியில் வைத்து ஆடும்போது நகராமல் இருக்க இந்த அளவும் எடையும் தேவைப்படுகின்றன. மேற்பலகைக்கு 6 மி.மீ. மெரைன் பிளைவுட் எடுத்தேன். அந்தத் தடிமன் தனியாக நின்றால் கை ஊன்றும்போது வளையும் என்பதால், லீவருக்கும் பட்டன்களுக்கும் இடையே ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என அடியில் இரண்டு குறுக்குச்சட்டம் ஒட்டித் திருகியிருக்கிறேன். பலகையைத் தடிமனாக்கி இந்த வேலையைத் தவிர்க்க முயன்றால் லீவர் அந்த அளவுக்கு உள்ளே அமுங்கி, பந்துக்கும் பலகைக்கும் இடையே விரல் நுழைய இடமில்லாமல் போகும். அந்த இடைவெளி இரண்டு விரல் அகலமாவது இருக்க வேண்டும்.

துளைகளின் இடத்தை எந்த அளவுப்படத்திலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். ஜப்பானிய ஆர்கேட் பெட்டிகளில் இரண்டு பரவலான அமைப்புகள் உண்டு: செகாவின் ஆஸ்ட்ரோ சிட்டி, டைட்டோவின் வியூலிக்ஸ். இரண்டாவதில் பட்டன் வரிசை நம் விரல்நுனிகளின் வளைவைப் பின்பற்றும். பக்கத்துப் பட்டன்களின் மையங்களுக்கு இடையே 36 மி.மீ. என்ற அளவை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு தாளை மேசையில் ஒட்டி, கண்ணை மூடிக் கையைத் தளர்வாக அதன்மேல் வைத்து, நான்கு விரல்களும் விழுந்த இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். ஐந்தாறு முறை செய்தால் குறிகள் ஓரிடத்தில் கூடும். என் கைக்கு லீவரின் மையத்திலிருந்து முதல் பட்டனின் மையம் 9 செ.மீ. தள்ளி வந்தது. தோள் அகலமானவர்களுக்கு இன்னும் சற்றுத் தள்ளி வரலாம்.

துளையிட ஃபோர்ஸ்ட்னர் பிட் என்ற டிரில் முனை இருந்தால் விளிம்பு சுத்தமாக வரும், இல்லையென்றால் வட்டமாக அறுக்கும் ஹோல்சாவும் போதும். பட்டனுக்கு 30 மி.மீ., லீவர் தண்டுக்கும் துணைப் பட்டன்களுக்கும் 24 மி.மீ. துளை. நான் நேராக மேற்பலகையில் டிரில்லை வைக்கப் போனபோது ஆசாரி அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். “மக்கா, கழிச்ச துண்டு அந்தா கெடக்குல்லா, அதுல மொதல்ல ஒண்ணு போட்டுப் பட்டன மாட்டிப் பாரு” என்றார். மாட்டிப் பார்த்தால் ஹோல்சாவின் ஆட்டத்தால் துளை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகியிருந்தது. டிரில்லின் வேகத்தைக் குறைத்து, பலகைக்கு அடியில் இன்னொரு பலகையை வைத்து இறுக்கிய பிறகே அளவு சரியாக வந்தது. அடிப்பலகை வைத்ததால் பிளைவுட்டின் பின்புறம் சிராய் பெயர்வதும் நின்றது.

ஸ்டார்ட், பேக், நடுவிலுள்ள வழிகாட்டிப் பொத்தான் ஆகிய மூன்றையும் பெட்டியின் பின்பக்கச் சட்டத்தில் வையுங்கள். மேலே வைத்தால் ஆட்டத்தின் நடுவே கைபட்டு நிற்கும். அந்தச் சட்டம் தடிமனாக இருந்தால் பட்டனின் நட்டு புரியை எட்டுமளவுக்கு உள்பக்கத்தை உளியால் குடைய வேண்டும். எல்லாத் துளைகளும் முடிந்த பின்னரே உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடியுங்கள். துளைகளின் உள்விளிம்பிலும் அடிப்பலகையின் உள்பக்கத்திலும் அடிக்க மறக்கக் கூடாது, ஈரம் புகுவது அங்கேதான். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும்.

போர்டைத் திறந்து அளத்தல்

எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரில் ஏழு திருகாணிகள் உள்ளன. நடுவில் முனை நீட்டிய டி-8 வகை நட்சத்திரத் திருகாணிகள் அவை. ஏழாவது, பார்கோடு ஒட்டிய தாளுக்கு அடியில் மறைந்திருக்கும். அது தெரியாமல் நெம்பினால் ஓடு பிளக்கும். திறந்ததும் இரண்டு அதிர்வு மோட்டார்களைக் கழற்றிவிடலாம். அனலாக் குச்சிகளைத் தொட வேண்டாம். அவற்றை வெட்டி எடுத்தால் நடுநிலைக்கான மின்னழுத்தம் இல்லாமல் போய், விளையாட்டில் ஆள் தானாகவே ஒரு பக்கம் நடப்பார். அப்படியே விட்டு, சுற்றி டேப் ஒட்டிவிட்டால் போதும்.

இனி மல்டிமீட்டர் வேலை. ஒவ்வொரு ரப்பர் பொத்தானுக்கும் அடியில் கருப்பாகத் தெரியும் தொடுபுள்ளி இரண்டு பாதிகளால் ஆனது. ரப்பரில் இருக்கும் கரித்துண்டு அந்த இரண்டையும் இணைக்கும்போதுதான் பொத்தான் அழுந்தியதாகப் போர்டு உணர்கிறது. மீட்டரைப் பீப் ஒலி நிலையில் வைத்து, ஒரு முனையை யு.எஸ்.பி. தலையின் கிரவுண்ட் (மின்னோட்டம் திரும்பும் பொதுவழி) முனையிலும் மறுமுனையை ஒவ்வொரு பாதியிலும் தொட்டுப் பாருங்கள். எல்லாத் தொடுபுள்ளிகளிலும் ஒரு பாதி ஒலித்தால் அந்தப் போர்டு பொதுக் கிரவுண்ட் கொண்டது. நான்கு திசை, ஆறு பட்டன், மூன்று துணைப் பட்டன் என 13 கம்பிகளும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றும் சேர்த்து 14 கம்பிகளில் வேலை முடிந்துவிடும்.

ஒலிக்கவில்லை என்றால் அது பொதுக் கிரவுண்ட் இல்லாத போர்டு. பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பட்டனுக்கும் அதற்குரிய இரண்டு பாதிகளிலிருந்தும் தனித்தனியே இரண்டு கம்பி இழுத்தால் எந்தப் போர்டும் வேலை செய்யும், கம்பிகள்தான் 26 ஆகும். லீவரில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஜே.எல்.எஃப்.-இன் நான்கு சுவிட்சுகளும் உள்ளேயே ஒரு பொதுக்கம்பியைப் பகிர்ந்துகொள்வதால், திசைகளுக்குப் பொதுப்புள்ளி இல்லாத போர்டுக்கு அது ஒத்துவராது. நான்கு சுவிட்சுகளும் தனித்தனியாக உள்ள லீவரையே அதற்கு வாங்க வேண்டும். ஒரே மாடல் கண்ட்ரோலருக்குள்ளும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு போர்டு வந்திருக்கிறது என்பதால், பிறர் போட்ட படத்தை நம்பாமல் உங்கள் போர்டை நீங்களே அளந்து, ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

ஈயம் வைத்தல்

25 வாட் சால்டரிங் அயர்னும் ரோசின் உள்ள மெல்லிய ஈயமும் போதும். தகர வேலைக்கான அமிலப் பேஸ்ட்டைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது, அது செம்புப் பாதையை நாளடைவில் அரித்துவிடும். கருப்புக் கரிப்பூச்சின்மேல் ஈயம் ஒட்டாது. கத்தி முனையால் மெதுவாகச் சுரண்டினால் அடியில் செம்பு மின்னும். பளபளப்புத் தெரிந்த உடனே நிறுத்துங்கள், அழுத்திச் சுரண்டினால் செம்பும் போய்விடும். சில பொத்தான்களின் பாதை, போர்டில் வேறோரிடத்தில் ஈயம் வைக்கத் தக்க சிறு வட்டப்புள்ளியாக வெளிப்படும். மீட்டரால் அதைக் கண்டுபிடித்துவிட்டால் சுரண்ட வேண்டிய தேவையே இல்லை.

கம்பிக்கு, பழைய கணினியின் ஹார்டு டிஸ்கை இணைத்த 40 கம்பிப் பட்டைக் கேபிளை எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் மெல்லிய பல இழைகளால் ஆனதால் எளிதில் வளையும். லேன் கேபிளின் கம்பி பெரும்பாலும் ஒற்றை இழை, அதை நான்கு முறை வளைத்தால் அடியில் முறியும், அல்லது தான் முறியாமல் போர்டின் செம்பைப் பெயர்த்தெடுக்கும். என் இரண்டாவது பெட்டியில் நடந்தது அதுதான். மூடியைத் திறந்து மூடும்போது ஒரு கம்பி இழுபட, இடதுபக்கத் திசைப்புள்ளி முழுவதும் அதன் ஈயத்தோடு உரிந்து கையில் வந்தது. அந்தச் செம்புப் பாதை போர்டில் எங்கே போகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, அடுத்த சிறுதுளையில் பச்சைப்பூச்சைச் சுரண்டி அங்கே ஈயம் வைத்துத் தப்பித்தேன். அப்படி ஒரு துளை எல்லாப் பாதையிலும் இருக்காது.

எனவே ஒவ்வொரு கம்பியையும் வைத்தவுடன், ஈயத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கம்பியை ஹாட் குளூவால் போர்டோடு ஒட்டிவிடுங்கள். இழுப்பு முழுவதையும் அந்தப் பசை தாங்கிக்கொள்ளும். தவறாக ஒட்டிவிட்டால் ஐசோபுரோபில் ஆல்கஹாலை ஒரு சொட்டு விட, பசை பிடிப்பு விட்டுக் கழன்றுவிடும். ஆனால் பசை வைப்பதற்கு முன்பே கணினியில் செருகி, கம்பியின் மறுமுனையைக் கிரவுண்டில் தொட்டு அந்தப் பொத்தான் ஒளிர்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு கம்பி வை, தொட்டுப் பார், ஒட்டு, பெயரெழுதிய தாளைச் சுற்று, பிறகு அடுத்த கம்பி. கேபிளின் கம்பிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே சாம்பல் நிறம் என்பதால் பெயர்த்தாள் இல்லாமல் மேலே போக முடியாது.

எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரின் பின்புறம் ஆள்காட்டி விரலால் இழுக்கும் இரண்டு டிரிகர்களும் வெறும் சுவிட்சுகள் இல்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளக்கும் மூன்று கால் மாறுமின்தடைகள். நான் அவற்றை விட்டுவிட்டு எக்ஸ், ஒய், வலது பம்பர் (டிரிகருக்கு மேலுள்ள பொத்தான்) மேல்வரிசையிலும், ஏ, பி, இடது பம்பர் கீழ்வரிசையிலும் வருமாறு அமைத்தேன். பெரும்பாலான சண்டை விளையாட்டுகளில் பட்டன் ஒதுக்கீட்டை மாற்றிக்கொள்ளலாம். எட்டு பட்டன் வேண்டியவர்கள் டிரிகரைத் தொடாத நிலையில் அதன் நடுக்காலின் மின்னழுத்தம் எந்த ஓரக்காலின் மின்னழுத்தத்தோடு ஒத்திருக்கிறது என்று அளந்துகொண்டு, மாறுமின்தடையைக் கழற்றி, நடுப்புள்ளிக்கும் அந்த ஓரப்புள்ளிக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடையை வைக்க வேண்டும். பட்டனின் இரண்டு கம்பிகளும் நடுப்புள்ளிக்கும் மற்ற ஓரப்புள்ளிக்கும் போகும். அந்த ஓரப்புள்ளி கிரவுண்டாக இல்லாமலும் இருக்கலாம் என்பதால் இந்தப் பட்டன்களைப் பொதுக் கிரவுண்ட் சங்கிலியில் சேர்க்கக் கூடாது. டிரிகரைக் கழற்றிவிட்டு ஒன்றும் வைக்காமல் விட்டால் அந்தப் புள்ளியின் மின்னழுத்தம் நிலையில்லாமல் அலைந்து, பட்டன் தானே அழுந்திக்கொண்டிருக்கும்.

பெட்டிக்குள் இணைத்தல்

பட்டன்களை மாட்டி நட்டுகளைக் கைவிரல் இறுக்கத்துக்கு மட்டும் முறுக்குங்கள். லீவரைத் தகட்டோடு நான்கு போல்ட்டால் பொருத்துங்கள். பந்தைக் கழற்ற, தண்டின் அடியில் உள்ள பிளவில் தட்டைத் திருப்புளியை வைத்துப் பிடித்துக்கொண்டு மேலே பந்தைச் சுழற்ற வேண்டும். கிரவுண்ட் கம்பியை ஒரு பட்டனிலிருந்து அடுத்த பட்டனுக்கு மாலைபோலக் கொண்டுபோய், கடைசியில் போர்டின் கிரவுண்ட் புள்ளியில் சேருங்கள். பட்டனின் இரண்டு நாக்குகளில் எது கிரவுண்ட் என்ற வேறுபாடு கிடையாது. பட்டன் நாக்கில் நேரடியாக ஈயம் வைக்காமல் லக் போட்டே இணைக்க வேண்டும். சூட்டில் பட்டனின் பிளாஸ்டிக் உருகுவதோடு, பின்னாளில் பட்டன் மாற்றும்போதும் சங்கடம்.

லீவரில் எல்லாரும் ஒருமுறையாவது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லீவரை மேலே தள்ளும்போது அழுந்துவது கீழ்ப்பக்கத்துச் சுவிட்ச். தண்டு நடுவில் ஊன்றிச் சாய்வதால் பந்து ஒரு பக்கம் போனால் அடிமுனை எதிர்ப்பக்கம் போகும். ஆகவே சுவிட்ச் இருக்கும் இடத்தைப் பார்த்துக் கம்பி கொடுக்காமல், லீவரைப் பிடித்துச் சாய்த்து, ஐந்து கம்பிகளில் எந்த இரண்டு அப்போது ஒலிக்கின்றன என்று மீட்டரில் பார்த்துக் கொடுங்கள். எல்லாத் திசைக்கும் ஒலிக்கும் கம்பியே பொதுக்கம்பி. கம்பியின் நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், லீவரைத் திருப்பிப் பொருத்தினால் நிறத்தின் பொருளும் மாறிவிடும்.

போர்டை அடிப்பலகையில் பிளாஸ்டிக் கால்கள் வைத்து, லீவர் தண்டு சாயும் இடத்திலிருந்து விலக்கிப் பொருத்துங்கள். கேபிள் வெளியேறும் துளையில் ஒரு ரப்பர் வாஷரும், உள்ளே கேபிளைச் சுற்றிச் சட்டத்தோடு கட்டிய பிளாஸ்டிக் டையும் இருக்க வேண்டும். யாராவது கால் தடுக்கிக் கேபிளை இழுத்தால் அந்த அதிர்ச்சி சட்டத்தில் நிற்க வேண்டும், போர்டுக்குப் போகக் கூடாது.

மூடுவதற்கு முன் மீண்டும் கணினிச் சாளரத்தில் எட்டுத் திசைகளையும் சோதியுங்கள். மூலைவிட்டத்தில் இரண்டு சுவிட்சும் சேர்ந்து ஒலிக்கிறதா என்று காதாலும் கேளுங்கள். லீவரை மெதுவாகக் கால்பங்கு வட்டமாகச் சுற்றும்போது கீழ், கீழ்வலம், வலம் என மூன்றும் விடுபடாமல் திரையில் வர வேண்டும். நடுவிலுள்ளது மட்டும் வராவிட்டால் பெரும்பாலும் போர்டில் குறை இருக்காது, லீவரின் பொருத்துதல்தான் சற்றுக் கோணியிருக்கும். நான்கு போல்ட்டையும் தளர்த்திச் சமமாக முறுக்கினால் சரியாகிவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூடுங்கள். போர்டின் ஈயப்புள்ளிகள்மேல் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாகத் தடவிவிட்டால் உப்பு ஒட்டாது. அனலாக் குச்சியிலும் செருகும் இணைப்புகளிலும் அது படக் கூடாது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒருமுறை அடிப்பலகையைத் திறந்து லக்குகளைப் பாருங்கள். பச்சை நிறம் படிந்திருந்தால் கழற்றி, உலர்ந்த துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மீண்டும் செருகி, பொட்டலங்களை மாற்றிவிட்டு மூடுங்கள்.